பாட்டும் பாடும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஏரியில் வலை கட்டுதற்குரிய இடங்களை ஊர்ப் பெரியவர்கள் கூடி, முறை வைத்துப் பகிர்ந்தளிக்கும் பழைய ஏற்பாட்டுக்கே அங்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை வழிவழியாக நிலைத்து வந்துள்ளது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் இன்று வலை கட்டியவர், தம் முறை முடிந்ததும் அவ்விடத்தை அடுத்தவருக்கு விட்டு வேறிடம் செல்வார். வளமான இடம் ஒருவருக்கே உரியதாகிவிடாமல், வறண்ட இடமும் ஒருவர் தலையிலேயே விழுந்துவிடாமல் காப்பது இந்த ஏற்பாடு.

இதே சொல்லுக்கு நாம் அனைவரும் அறிந்த வேறு இரு பொருள்களும் உள்ளன. இசைத்துப் பாடுவது ஒன்று. துன்பம் என்பது மற்றொன்று. நம் ஆண்டவர் பட்ட துயரங்களைத் திருச்சபை ‘கிறிஸ்துவின் பாடுகள்’ என்றே வழங்கி வருகிறது. பங்கு, பாட்டு, துன்பம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலே ஆயினும், அண்மையில் எம்முன் வந்த ஒரு கேள்வியை ஆராயும்போது இம்மூன்றையும் பிரித்து நோக்க எம்மால் இயலவில்லை.

கேள்வி இதுதான். சென்னையில் வாழும் இசையன்பர் சிலர், கடற்கரைக் குப்பங்களில் துயருற்றோர்க்கு இசையாலும் பிற கலைகளாலும் ஆறுதல் அளிக்கும் பணி ஒன்றைத் தொடங்க விரும்புகின்றனர். அதற்குப் பொருள் திரட்ட நகரில் ஒரு கருநாடக இசைக் கச்சேரி நடத்த எண்ணி, எம் கருத்தைக் கேட்டனர். ‘மிக நல்லது’ என்று உடனே எழுதிவிடலாம். ஆயினும் எம் எழுதுகோல் தயங்கிற்று. அத்தயக்கத்தின் காரணத்தை வரலாற்றின் வழியே தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

காயம்பட்ட கரை

பழவேற்காடு துயரத்தைப் புதிதாக அறிந்த ஊர் அன்று. போர்ச்சுக்கீசியர் வந்த காலத்தில், 1515-ஆம் ஆண்டில் எழுந்ததாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயம் இவ்வூரின் கிறிஸ்தவத் தொன்மைக்குச் சான்று. அடுத்து வந்த டச்சுக்காரர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்துக்கு இவ்வூரே தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறிய துணிகளின் புகழை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அதே துறையிலிருந்து, 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவரும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதை அவ்வளவாகப் பேசுவதில்லை. டச்சுக்காரரின் கல்லறைகளில் செதுக்கிய எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. அக்கப்பல்களில் சென்றவர்களின் பெயரைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

பிற்காலத் துயரங்கள் நம் கண்முன்னே நிகழ்ந்தவை. 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் வந்த ஆழிப்பேரலை பழவேற்காட்டையும் விட்டுவைக்கவில்லை. ஏரியின் முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோவதால் படகுகள் கவிழ்வதும், உயிர்கள் போவதும் அடிக்கடி கேட்கும் செய்தி. கடல்நீர் உள்ளே வரத் தடைப்பட்டால் இறாலும் மீனும் குறைகின்றன. குறைந்த வளத்துக்காகக் குப்பங்களுக்குள் பிணக்கு மூளுகிறது. பாடு முறையில் இடம் பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே உள்ள மனக்கசப்பையும் மறைப்பதற்கில்லை. வலையும் இன்றிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்து வாழும் இருளர் மக்களுக்கு அம்முறையில் பங்கில்லை.

இத்தகைய கரைக்கு ஆறுதல் தேவை என்பதில் ஐயமில்லை. அவ்வாறுதலை யார், எவ்வாறு கொண்டு வருவது என்பதே கேள்வி.

மீன் சந்தைத் தெருவில் ஓர் அரங்கு

இசையால் பொருள் திரட்டி நோயாளருக்கு உதவும் வழக்கம் பழமையானது. அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று மீன் வாசனையோடு தொடர்புடையது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ‘ஃபிஷாம்பிள்’ என்றொரு தெரு உண்டு. முற்காலத்தில் மீன் விற்கும் சந்தை அங்கு இருந்ததால் அப்பெயர் வந்தது. அத்தெருவின் இசையரங்கில்தான் 1742 ஏப்ரல் 13-ஆம் நாள், ஹாண்டல் இயற்றிய ‘மெசையா’ முதன்முறையாக மக்கள்முன் அரங்கேறியது.

அன்றைய வருவாய் மூன்று பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது: கடனுக்காகச் சிறையிருந்தோரை மீட்டல், மெர்சர் மருத்துவமனை, ஏழையர்க்கான இலவச மருத்துவமனை. சுமார் 700 பேர் வந்திருந்தனர். இடநெருக்கடி கருதி, பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடை இன்றியும் ஆண்கள் வாள் இன்றியும் வருமாறு முன்கூட்டியே வேண்டப்பட்டனர். சுமார் 400 பவுன் திரண்டது. அதில் சிறைக்கென ஒதுக்கிய பங்கினால் 142 பேர் விடுதலை பெற்றனர். ‘சிறைப்பட்டோர் விடுதலை அடைவர்’ என்று நாசரேத்தில் ஆண்டவர் அறிவித்த நற்செய்தி, அங்கே ஒரு கச்சேரியின் நுழைவுச் சீட்டினால் ஓரளவு நிறைவேறிற்று எனலாம்.

இந்நிகழ்ச்சியில் எமக்குச் சுடும் ஒரு செய்தியும் உண்டு. அந்நகரின் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு, நூலாசிரியராகப் புகழ்பெற்ற ஜொனாத்தன் ஸ்விஃப்ட். தம் ஆலயப் பாடகர்கள் இத்தகைய அரங்கில் போய்ப் பாடுவதா என்று அவர் முதலில் தடை விதித்தார். பின்னரே அப்பாடகர்கள் பங்குகொண்டனர். எது புனிதமான பாட்டு, எது பாடத்தகாத பாட்டு என்று வரையறுக்கும் பொறுப்பு குருக்கள் கையில் இருக்கும்போது, சில வேளைகளில் ஆறுதலின் வாசலையே நாம் அடைத்துவிடுகிறோம். இதனை ஏன் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

அதே 1742-ஆம் ஆண்டில்தான், கோவாவில் பிறந்து இலங்கையில் மறைப்பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்ததைத் தமிழ்க் கத்தோலிக்கர் அறிவர். டப்ளினில் செல்வர் சீட்டு வாங்கி மெசியாவின் பாடுகளைக் கேட்டனர். ஈழத்தின் கடற்கரை ஊர்களிலோ, மீனவரும் உழவரும் அதே பாடுகளைத் தாமே இராகம் போட்டு வாசித்து அழுதனர். இரண்டும் இசைதான். ஒன்றில் ஏழைகள் உதவி பெற்றவர்கள். மற்றொன்றில் அவர்களே பாடியவர்கள். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

நம் நாட்டு மரபு

தமிழ்நாட்டில் இசையையும் இரக்கத்தையும் இணைத்தோர் வரிசையில் நம் சபையைச் சேர்ந்த ஒருவரை முதலில் நினைவுகூர்வது பொருந்தும். 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாசிரியர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ பாடிய இசைப் புலவருமாவார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். பஞ்சத்தின் கொடுமையைக் கீர்த்தனைகளாகப் பாடி இறைவனிடம் முறையிட்டார். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சைவராயிருந்தும், இக்கத்தோலிக்கரின் கொடையைப் பாட்டில் வைத்துப் போற்றினார். அவர் பாடலும் அவர் வார்த்த கஞ்சியும் ஒரே உள்ளத்திலிருந்து வந்தவை.

அடுத்து, சீர்திருத்தச் சபையைச் சார்ந்த நம் சகோதரர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசிக்கு அருகில் சாம்பவர் வடகரையில் பிறந்த இவர் சித்த மருத்துவர். தஞ்சைக்கு வெளியே மூலிகைத் தோட்டம் அமைத்து, தம் குருவான கருணானந்தரின் பெயரில் மருந்துகள் செய்து விற்றார். அவ்வருவாயைக் கொண்டு 1912-இல் ‘சங்கீத வித்தியா மகாஜன சங்கம்’ என்னும் அமைப்பை நிறுவி, இசை வல்லுநரைத் தம் செலவிலேயே வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். பழந்தமிழிசையின் நுட்பங்களை ஆராய்ந்த ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளிவந்தது. நற்பணிக் கச்சேரிகளில் இசை மருத்துவத்துக்குப் பொருள் ஈட்டித் தருகிறது. பண்டிதர் வாழ்விலோ மருத்துவம் இசைக்குப் பொருள் ஈட்டித் தந்தது. அவர் கையில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இருபதாம் நூற்றாண்டில் நற்பணிக் கச்சேரி என்றாலே எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் பெயர் நினைவுக்கு வரும். பூனாவில் காவலில் இருந்த கஸ்தூரிபா காந்தி 1944 பிப்ரவரியில் மறைந்தபின், அவர் நினைவு நிதிக்காக அம்மையார் அதே ஆண்டில் ஐந்து கச்சேரிகள் செய்தார். அந்நிதி கிராமப்புறப் பெண்கள், குழந்தைகளின் நலத்துக்கென அமைந்தது. பின்னர் மருத்துவமனைகள், கல்விக்கூடங்கள் எனப் பற்பல பணிகளுக்காகப் பாடினார். 1974-இல் பொதுச்சேவைக்கான மகசேசே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. தம் குரலின் பயனைத் தமக்கென வைத்துக்கொள்ளாத அம்மையாரை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இசை மருந்தாகுமா?

இனி, இசை மருந்தாகுமா என்னும் கேள்வி. விவிலியம் அறிந்த நமக்குச் சவுலும் தாவீதும் உடனே நினைவுக்கு வருவர். தீய ஆவியால் கலங்கிய மன்னன்முன் இடையன் மகன் யாழ் மீட்டினான். மன்னன் ஆறுதல் அடைந்தான் என்று சாமுவேல் முதல் நூலின் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. நாம் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். 18-ஆம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். அங்கும் தாவீது யாழ் மீட்டுகிறான். ஆனால் சவுல் ஈட்டியை எடுத்து அவன்மீது எறிகிறான். யாழும் அதுவே, விரல்களும் அவையே. இடையில் மன்னன் நெஞ்சில் பொறாமை குடிபுகுந்துவிட்டது. உறவு முறிந்த இடத்தில் இசை மட்டும் தனித்து நின்று மருந்தாவதில்லை.

இன்றைய அறிவியலும் ஏறத்தாழ இதனையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் பாடியபோது, நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது உணரப்பட்டது. 1944-இல் மிச்சிகன் மாநிலத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1950-இல் அந்நாட்டில் இசை மருத்துவர்க்கான தேசியச் சங்கம் அமைந்தது. வாத நோயால் பேச்சிழந்த சிலர், பேச இயலாத சொற்களைப் பாட வல்லவராயிருப்பதைக் கண்ட மருத்துவர்கள், பாட்டின் வழியே பேச்சை மீட்கும் பயிற்சி முறை ஒன்றை 1973-இல் வெளியிட்டனர். நம் பங்குகளிலும் பேச்சிழந்த முதியவர் செபமாலையின்போது மாதா பாடலின் அடிகளைச் சேர்ந்து முணுமுணுப்பதைக் கண்டு வியந்திருப்போம்.

இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று மாத்திரை எழுதித் தருவதுபோல் கூறுவோரும் உளர். அத்தகைய பட்டியல்களுக்கு உறுதியான சான்று இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் அருகில் அமர்ந்து, அவருக்குப் பழகிய இசையை அறிந்து, அவரைப் பாடவோ தாளமிடவோ செய்து, அவரோடு ஓர் உறவை வளர்ப்பதே இசை மருத்துவத்தின் உயிர். கேட்கச் செய்வது அதில் ஒரு பகுதியே.

கடலோர மக்களுக்கு இது புதிதன்று. வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டு, பலருடைய மூச்சையும் கைகளையும் ஒன்றாக்கியது. படகுக்கு இயந்திரம் வந்தது; உழைப்பு எளிதாயிற்று. அந்த இரைச்சலில் பாட்டு அடங்கிப்போயிற்று.

குப்பத்துக்கு வந்த கச்சேரி

கச்சேரிக்கும் குப்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க எடுத்த ஒரு முயற்சியை இங்குக் குறிப்பிட வேண்டும். சென்னைப் பெசன்ட் நகரில் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்துக்குச் செல்லும் நம்மவர் பலர், அருகிலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தைக் கடந்தே போகிறோம், உள்ளே போவதில்லை. அக்குப்பத்து மக்களும், பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் இணைந்து 2015-இல் அங்கே ஒரு கலை விழாவைத் தொடங்கினர். சபாக்களில் மட்டுமே கேட்டுவந்த இசையும் பரதமும், பறையாட்டத்துடனும் வில்லுப்பாட்டுடனும் ஒரே மேடையில் நின்றன. அங்கே குப்பத்தார் விருந்தளிப்போர், நகரத்தார் விருந்தினர். கலையில் சமூகப் பிரிவினைகளை நீக்க முயன்றமைக்காக 2016-இல் டி.எம். கிருஷ்ணா மகசேசே விருது பெற்றார்.

2017-இல் அவர் பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ என்னும் காணொளி வெளியானது. சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் இடையிலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த இடத்திலேயே நின்று, கபேர் வாசுகி எளிய பேச்சுத் தமிழில் எழுதிய வரிகளை அவர் இராகமாலிகையாகப் பாடினார். அது நிதி திரட்டிய கச்சேரி அன்று. ஆயினும் மருத்துவத்தின் முதற்படி நோயை நோய் என்று சொல்வதல்லவா? நீர்நிலை நோயுற்றிருக்க மீனவர் மட்டும் நலம்பெற இயலாது என்பதை அப்பாட்டு பலருக்கும் உணர்த்திற்று. அக்கலைஞரின் எல்லாக் கருத்துகளோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. இசை, துன்பத்தைப் பற்றித் தொலைவிலிருந்து பாடாமல், துன்பம் நடக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்று அவர் காட்டியதை மறுக்க இயலாது.

எம் பிழை

இப்போது எம் தயக்கத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஓர் இளைஞர் இறந்தார். உடலைக் கரைக்குக் கொண்டுவந்த இரவில், குப்பத்துப் பெண்கள் தாயைச் சூழ்ந்து அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். நாம் செபமாலை சொல்லச் சென்றிருந்தோம். உயிர்ப்பில் நம்பிக்கை கொண்ட மக்கள் இவ்வாறு புலம்பலாகாது என்று கண்டித்து அதனை நிறுத்தினோம். அவர்கள் கீழ்ப்படிந்தனர். நாம் செபித்தோம், நம் கடமை முடிந்ததென எண்ணினோம்.

பல திங்கள் கழித்து அத்தாயைச் சந்தையில் கண்டோம். மீன் கூடைமுன் அமர்ந்திருந்தார். விலை சொல்வதன்றி எவரோடும் பேசுவதில்லை என்றனர் அருகிலிருந்தோர். “எப்படி இருக்கிறீர்கள், அம்மா?” என்றோம். நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு மெல்லச் சொன்னார்: “அன்னைக்கு அழுது பாட விட்டிருந்தீங்கன்னா எறங்கியிருக்கும், சாமி. நெஞ்சுலயே நின்னுபோச்சு.”

அச்சொற்களைக் கேட்ட நாள்முதல் எமக்கு அமைதியில்லை. இலாசரின் கல்லறைமுன் ஆண்டவர் கண்ணீர் விட்டதை மறந்தோம். மரியன்னையின் புலம்பலைக் கொன்சால்வஸ் அடிகளார் இராகத்தோடு தந்ததையும், நம் முன்னோர் அதனை ஆலயத்துக்குள்ளேயே பாடி அழுததையும் மறந்தோம். அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்த ஆற்றும் கலையை ஒரு சொல்லால் நிறுத்தினோம். டப்ளின் நகரத்துத் தலைமைக் குருவுக்கும் எமக்கும் என்ன வேறுபாடு? அவர் தம் தடையை நீக்க அவருக்குக் காலம் வாய்த்தது. எமக்கோ அந்த இரவு திரும்பி வாராது.

நகரத்து அன்பர்கள் கேட்டபோது எம் எழுதுகோல் தயங்கியது இதனால்தான். ஒரு கையால் எம் மக்களின் பாட்டை நிறுத்திவிட்டு, மறு கையால் அவர்களுக்காகப் பிறர் பாடும் பாட்டுக்குச் சீட்டு விற்பது எங்ஙனம்?

பாடு முறைப்படி

இறுதியில் அன்பர்களுக்கு எழுதிய மறுமொழி இதுவே. கச்சேரி நடக்கட்டும். பயிற்சி பெற்றவரை வரவழைக்கப் பொருள் வேண்டும். அதனை இசையால் ஈட்டுவது வேதநாயகர்க்கும் பண்டிதர்க்கும் எம்.எஸ். அம்மையார்க்கும் உகந்த வழியே. ஆனால் நகர மேடையோடு நில்லாமல் ஏரிக்கரையிலும் அது நடக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி, பாடு முறையில் நடக்கட்டும். வித்துவான் ஒரு முறை பாடட்டும்; அம்பாப் பாட்டு அறிந்த கிழவர் ஒரு முறை பாடட்டும்; ஒப்பாரி அறிந்த பெண்கள், விரும்பினால், ஒரு முறை பாடட்டும். பழைய பாட்டில் பங்கு பெறாத இருளர் மக்களுக்கும் இப்பாட்டில் பங்கு இருக்கட்டும். வளமான இடம் ஒருவர்க்கே உரியதாகிவிட வேண்டாம்.

எமக்கும் ஒரு கடமை உண்டு. கச்சேரிக்கு முன் அத்தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் பாடுவாரோ, மாட்டாரோ அறியோம். அதனை எதிர்பார்த்துச் செல்வதும் முறையன்று. பாபிலோன் ஆற்றங்கரையில் யாழ்களை அலரி மரங்களில் தொங்கவிட்ட அடிமைகளைப் பாடச் சொல்லி வற்புறுத்தியவர்கள் பகைவர்களே என்பதைத் திருப்பாடல் 137 நமக்கு நினைவூட்டுகிறது. துன்புறுவோர் பாடுவதற்கும் பாடாதிருப்பதற்கும் உரிமை உடையவர்கள்.

இராவுணவு முடிந்தபின் ஆண்டவர் தம் சீடரோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குச் சென்றார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதியுள்ளனர். தம் பாடுகளுக்குமுன் அவர் பாடினார். தனியே பாடவில்லை, அவரோடு சேர்ந்து பாடியவர்களுள் கலிலேயா ஏரியின் மீனவர்கள் இருந்தனர். சிலமணி நேரத்தில் அவரை விட்டு ஓடப்போகிறவர்கள் என்று அறிந்திருந்தும், அப்பாட்டில் அவர்களுக்கும் அவர் பங்களித்தார். பழவேற்காட்டு ஏரியின் மீனவர்க்கும் அப்பங்கை நாம் மறுக்காதிருப்போமாக.